ஃபைனல் ஃபேன்டஸி: மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவே எதுவும் விடுபடவில்லை

"ஃபைனல் ஃபேன்டஸி என்னும் ஜப்பானிய வீடியோ ஆட்டத் தொடரில் மூன்றாம் பாகத்துக்குப் பின் நேரே ஏழாம் பாகம்தான் வந்தது, இடைப்பட்டவை தயாரிக்கப்படவே இல்லை" என்று பரவிவரும் செய்தி தவறானது. ஜப்பானில் 1987 முதல் ஒவ்வொரு பாகமும் எண் வரிசை தவறாமல் வெளிவந்தது. ஆனால் நின்டெண்டோவின் ஃபாமிகாம் என்னும் வீட்டு ஆட்டக் கருவிக்கு வந்த இரண்டாம், மூன்றாம் பாகங்கள் அக்காலத்தில் அமெரிக்காவுக்குச் செல்லாததால், 1991இல் நான்காம் பாகம் அங்கே 'இரண்டு' என்றும், ஐந்தாம் பாகமும் விடுபட்டுப்போக, 1994இல் ஆறாம் பாகம் 'மூன்று' என்றும் பெயரிடப்பட்டு விற்கப்பட்டன. 1997இல் ஏழாம் பாகம் ஜப்பானிய எண்ணுடனேயே அங்கும் வெளியானபோதுதான் இந்த இடைவெளி கண்ணில் பட்டது.

ஆகவே மூன்றாம் பாகத்தை மற்றவற்றோடு ஒப்பிடுவோர் எந்த ஆட்டத்தைக் குறிப்பிடுகிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது: நான்கு நாயகர்கள் போர்வீரர், மந்திரவாதி போன்ற தம் தொழில்களை மாற்றிக்கொண்டு போரிடும் 1990ஆம் ஆண்டு ஆட்டமா, வில்லன் கெஃப்காவை எதிர்த்து 14 பேர் வரை திரளும் 1994ஆம் ஆண்டு ஆட்டமா? பின்னதன் புகழை முன்னதன் கணக்கில் எழுதிவிடுவது எளிதில் நேரும் பிழைதான். உண்மையான மூன்றாம் பாகம் 2006இல், நின்டெண்டோ டிஎஸ் என்னும் கையடக்க ஆட்டக் கருவிக்கான மறுஆக்கமாகவே அமெரிக்காவை அடைந்தது.