"அங்க பார்க்க என்ன இருக்கு?"

லீவு விட்டால் போதும், மதுரையில் பாதிப் பேர் கொடைக்கானலுக்குத்தான் வண்டியைத் திருப்புகிறோம். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுத்துத்தான் ஏற வேண்டும் என்று ஆகிவிட்டது, அப்பவும் வெள்ளி அருவிப் பக்கம் முன்னால் நிற்கிற காரின் நம்பர் பிளேட்டை மனப்பாடம் செய்துகொண்டு உட்கார்ந்திருக்க நாம் தயார். ஆனால் வாடிப்பட்டி தாண்டும்போது வலது கைப்பக்கம் நீளமாகப் படுத்திருக்கிற சிறுமலைக்குப் போகலாம் என்றால் மட்டும் உடனே ஒரு கேள்வி வரும்: "அங்க பார்க்க என்ன இருக்கு?"

எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். நாத்தனார் மகன் போனில் தேடிப் பார்த்துவிட்டு "ஒரு ஸ்பாட்டும் இல்ல அத்தை" என்று உதட்டைப் பிதுக்கினான். இருந்தாலும் புளியோதரை கட்டிக்கொண்டு, மாமியாரை முன் சீட்டில் உட்காரவைத்துக் கிளம்பிவிட்டோம். திண்டுக்கல் போய் நத்தம் ரோட்டில் திரும்பினால் மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவு பதினெட்டு. இரண்டாவது வளைவிலேயே சின்னவள் வாந்தி எடுத்தாள், அதை விடுங்கள்.

மேலே ஏறியதும் பூங்கா, படகு, ஃபோட்டோ பாயிண்ட் என்று எதையும் தேடவில்லை. மனிதர்கள் குடியிருந்து விவசாயம் பார்க்கிற மலை அது. எலுமிச்சை, பலா, மிளகு, காபி, சவ்சவ். தோட்டத்துக்குள் இறங்குகிற பாதை பலதும் ஜீப்புக்குக்கூட ஆகாது, அதனால் விளைந்ததை மூட்டை கட்டிக் குதிரை முதுகில்தான் ரோட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். இருபக்கமும் மூட்டை தொங்க ஒரு குதிரை வந்ததும் பிள்ளைகள் ஏறணும் என்று குதித்தார்கள். கூட வந்த பெரியவர் சிரித்துக்கொண்டே, "இது சவாரிக் குதிரை இல்லம்மா, உழைக்கிற குதிரை. பொங்கலுக்கு நீங்க மாட்டைக் கும்பிடுற மாதிரி நாங்க இதுக்கும் செய்வோம்" என்றார்.

அவரிடம் மலைவாழை பற்றிக் கேட்டதுதான் எனக்கு அந்த நாளிலேயே பெரிய விஷயம். 2008-லேயே புவிசார் குறியீடு வாங்கிய வாழை, ஆனால் தோட்டத்தில் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. முடிக்கொத்து நோய். அசுவினிப் பூச்சி பரப்புகிற வைரஸ், வந்தால் இலையெல்லாம் உச்சியில் கொத்தாகக் குறுகிப்போகும், தார் தள்ளாது. மருந்தே கிடையாது, மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டியதுதான். ஒரு தலைமுறைக்கு முன்னால் மலை முழுக்க வாழையாக இருந்ததை அவர் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். இப்போது நோயில்லாத திசு வளர்ப்புக் கன்று வைத்துத் திரும்ப முயற்சி நடக்கிறது. எங்கள் மாமியார் சொந்த ஊரில் வாழை போட்டவர், அதனால் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். எந்த டிக்கெட் கவுண்டரில் இது கிடைக்கும்?

நாம் பார்க்கிற வேலை என்ன தெரியுமா? வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் போடுகிறோம். பாட்டிலை உடைத்துப் பள்ளத்தில் வீசுகிறோம். பாலமேடு பக்கம் சாத்தையாறு அணைக்கு வருகிற தண்ணீர் இந்த மலையில் பெய்கிற மழைதான், அந்தக் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் ஒருநாள் நம் பக்கம்தான் இறங்கி வரும். அப்புறம் ஊருக்கு வந்து "இன்னும் டெவலப் பண்ணணும்பா" என்று பதிவு வேறு. கண்ணாடிப் பாலமும் ரிசார்ட்டும் வந்தால் அந்தப் பெரியவருக்கு என்ன கிடைக்கும்? அவர் தோட்டத்து விலை ஏறும், வாங்குகிறவர் திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருவார், இவர் அதே இடத்தில் வாட்ச்மேன். ரோடு, பஸ், ஆஸ்பத்திரி வேண்டும் என்று மலைக்காரர்கள் கேட்டால் நானும் கூடக் கேட்பேன். அது வேறு, நமக்கு செல்ஃபி எடுக்க மேடை கேட்பது வேறு.

போகிறவர்களுக்கு: திண்டுக்கல்லிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், இலையையும் குப்பையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். காட்டுமாடு நடமாட்டம் உண்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். வாழைப்பழம் வாங்கினால் மேலேயே தோட்டக்காரரிடம் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். தோல் கறுத்துச் சுருங்கியிருக்கிறதே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அப்போதுதான் அது தின்னுகிற பக்குவம்.