ஹால்ஸ்டாட்டுக்கு ஒரு மணி நேரம் போதாது

ஐரோப்பா போகிற நண்பர்கள் பயணத் திட்டத்தை அனுப்பிக் கருத்துக் கேட்கும்போதெல்லாம் ஒரு வரி கண்ணை உறுத்தும். "மதியம் ஹால்ஸ்டாட், 1 மணி நேரம், போட்டோ ஸ்டாப்." போன வாரமும் ஒருவர் அப்படித்தான் அனுப்பியிருந்தார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கேயே போடுகிறேன்.

ஆஸ்திரியாவில், செங்குத்தான மலைக்கும் ஏரிக்கும் நடுவில் கிடைத்த ஒடுக்கமான இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் ஹால்ஸ்டாட். ஊர்க்காரர்கள் 800 பேர்கூட இல்லை. தண்ணீரோரம் ஊசிக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம், பின்னால் மலை. காலண்டரிலோ போன் வால்பேப்பரிலோ நீங்கள் பார்த்திருப்பீர்கள். சந்தில் ஒரு குறிப்பிட்ட திருப்பத்தில் நின்றால் அந்தப் படம் அப்படியே கிடைக்கும். வருகிறவர்களில் பெரும்பாலானோர் அந்தத் திருப்பம் வரைதான் போகிறார்கள். அப்புறம் ஒரு ஐஸ்கிரீம், திரும்பப் பேருந்து.

2023 அக்டோபரில் நான் அங்கே இரண்டு இரவு தங்கினேன். அந்த ஊரை ஊராக்கியது உப்பு என்பது தங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஹால் என்று பெயரில் வரும் ஊர்கள் அந்தப் பக்கம் நிறைய: ஹாலைன், பாட் ஹால், ரைஷன்ஹால். எல்லாமே உப்பு ஊர்கள். ஹால்ஸ்டாட்டுக்கு மேலே இருக்கும் மலையில் சுமார் 7,000 ஆண்டுகளாக மனிதர்கள் உப்பு எடுத்துவருகிறார்கள். இழுவை ரயிலில் மேலே போய், கொடுத்த உடுப்பை மாட்டிக்கொண்டு சுரங்கத்துக்குள் நுழைந்தோம். அக்காலத் தொழிலாளர்கள் இறங்கிப் போனது மாதிரியே மரச் சறுக்கலில் வழுக்கிக்கொண்டு போகலாம், 64 மீட்டர். குழந்தைகளுக்கு அதுதான் கொண்டாட்டம்.

என்னை நிற்கவைத்தது உள்ளே இருக்கும் ஒரு மரப் படிக்கட்டு. எட்டு மீட்டர் நீளம். மரத்தின் வருட வளையங்களை எண்ணி, கி.மு. 1344-ல் வெட்டிய மரம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். படிப்பலகைகள் நடந்து நடந்து தேய்ந்திருக்கின்றன. அதில் ஏறி இறங்கியவர்களின் தோல் முதுகுப்பைகள், துணிக் கந்தல்கள் எல்லாம் உப்புக்குள் கெடாமல் கிடைத்திருக்கின்றன. வெவ்வேறு காலங்களில் அங்கே வேலை செய்தவர்கள் கழித்த மலம்கூட அப்படியே இருக்கிறது. 2,700 ஆண்டுப் பழசான ஒரு மாதிரியை ஆராய்ந்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். நீலப் பாலாடைக்கட்டியில் இருக்கும் பூஞ்சையும் பீர் காய்ச்சும் ஈஸ்ட்டும் அதில் இருந்தன. 1734-ல் ஒரு மனித உடலே கிடைத்தது. பழைய காலத்துச் சுரங்கத் தொழிலாளி, மண் சரிந்து உப்பில் புதைந்துபோனவர். ஊர்க்காரர்கள் எடுத்து ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள்.

1846-ல் சுரங்க அதிகாரி யோஹான் கேயார்க் ராம்சாவர் சுரங்கம் இருக்கும் அந்த மலையில் பழைய இடுகாடு ஒன்றைக் கண்டுபிடித்தார். 1863 வரை 980 கல்லறைகளைத் திறந்து, ஒவ்வொன்றையும் வண்ணத்தில் வரைந்து பதிவு செய்ய வைத்தார். தொல்லியல் என்ற துறையே நடை பழகிக்கொண்டிருந்த நாட்களில் செய்த வேலை அது. பால்டிக் கடல் பக்கத்து அம்பரும் (கல்லாகிப்போன மரப்பிசின்) யானைத் தந்தமும் அந்தக் கல்லறைகளில் இருந்தன. உப்பு விற்ற காசில் அவ்வளவு தூரத்துப் பொருள்கள் இந்த மலைமூலைக்கு வந்திருக்கின்றன. ஐரோப்பாவின் ஆரம்ப இரும்புக் காலத்துக்கே, கி.மு. 800 முதல் 450 வரைக்கும், இந்தச் சின்ன ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

உப்பு நீரைக் காய்ச்ச விறகு வேண்டும். சுற்றுவட்டாரக் காட்டில் விறகு பற்றாமல் போனபோது, நீரை விறகு இருக்கும் இடத்துக்கே கொண்டுபோக முடிவெடுத்தார்கள். 13,000 மரங்களைக் குடைந்து குழாயாக்கி, எபென்சே என்ற ஊர் வரை 40 கிலோமீட்டர் பதித்தார்கள். 1595-ல் ஆரம்பித்த வேலை 1607-ல் முடிந்தது. குழாய் மாறிவிட்டது, உப்பு நீர் இன்றும் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் இந்த ஊருக்குச் சாலை வந்தது 1890-ல்தான்! அதுவரை படகு, இல்லாவிட்டால் மலையோர ஒற்றையடிப் பாதை. ரயில் நிலையம் இன்றைக்கும் எதிர்க்கரையில்தான் இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கிப் படகில் ஏறி ஊரைப் பார்த்துக்கொண்டே போவது, என்னைக் கேட்டால், அங்கே போய்ச் சேர ஒரே சரியான வழி.

கத்தோலிக்க தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் எலும்பு வீட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இடுகாட்டுக்கு இடம் போதாது, மலை விடாது. அதனால் 10, 15 வருடம் கழித்துக் குழியைத் திறந்து, எலும்பை எடுத்து, அடுத்தவருக்கு இடம் கொடுப்பார்கள். மண்டையோட்டைச் சுத்தம் செய்து, வாரக்கணக்கில் வெயிலில் வெளுக்க வைத்து, அதன்மேல் ஓவியம் வரைவார்கள். 1,200-க்கும் மேற்பட்ட மண்டையோடுகள், அவற்றில் 610 வண்ணம் தீட்டியவை. கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தேன். நெற்றியைச் சுற்றிப் பச்சை இலை மாலை, அதற்குக் கீழே கறுப்பு எழுத்தில் பெயர், வருடம். பக்கத்திலேயே அதே குடும்பப் பெயரோடு இன்னொன்று. சொந்தக்காரர்களைச் சேர்த்தேதான் வைத்திருக்கிறார்கள். பயமே வரவில்லை. யாரோ ஒரு வீட்டின் பூஜை அறைக்குள் செருப்போடு நுழைந்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம்தான் வந்தது. உடல்களை எரிக்கலாம் என்று 1960-களில் கத்தோலிக்கத் திருச்சபை அனுமதித்த பிறகு இந்த வழக்கம் மெல்ல நின்றுபோனது. கடைசி மண்டையோடு 1995-ல் வந்தது. 1983-ல் இறந்த ஒரு பெண்மணி, தன்னையும் அங்கேயே வைக்கும்படி கேட்டிருந்தார்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் கூட்ட நாட்களில் 10,000 பேர் வரை வந்து இறங்குகிறார்கள். சீனாவில் குவாங்டாங் மாகாணத்தில் 2012-ல் இந்த ஊரைத் தேவாலயம் உட்பட அப்படியே நகலெடுத்துக் கட்டியும் விட்டார்கள். 2023 மே மாதம் அந்த செல்ஃபி திருப்பத்தை மறைத்து மரத் தடுப்பு வைத்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். அந்த ஆகஸ்டில் ஊர்க்காரர்கள் மலையைக் குடைந்து போட்ட சாலையை மறித்து நின்றார்கள். தினமும் இத்தனை பேர்தான் என்று வரம்பு வேண்டும், மாலை 5 மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்து வரக் கூடாது. அவர்கள் கேட்டது இவ்வளவுதான்.

"சுற்றுலாவில்தானே பிழைக்கிறார்கள், அப்புறம் என்ன குறை?" என்று கேட்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்குக் கோபத்தைத் தருகிறது. நம் தெருவில், நம் சன்னலுக்கு முன்னால், தினமும் பல ஆயிரம் பேர் நின்று உள்ளே எட்டிப் பார்த்தால் நாம் எத்தனை நாள் பொறுப்போம்? பேருந்துகள் முன்பதிவு செய்துதான் வர வேண்டும் என்று 2020-ல் விதி கொண்டுவந்தது நல்லது. ஆனால் எண்ணிக்கைக்கும் வரம்பு வர வேண்டும், அதனால் எனக்கே ஒரு வருடம் இடம் கிடைக்காமல் போனாலும் சரி.

முதல் நாள் மாலை கடைசிப் பேருந்து போன பிறகு வெளியே வந்தேன். சந்தைச் சதுக்கத்தில் ஒரு வீட்டின் சுவரோடு சுவராகப் பேரிக்காய் மரம் ஒன்றைத் தட்டையாகப் படரவிட்டு வளர்த்திருக்கிறார்கள். தரையில் இடமில்லாத ஊர், மரமும் சுவரில்தான். ஒரு பாட்டி ஏணி போட்டுக் கிளையைக் கட்டிக்கொண்டிருந்தார். பகலில் அதே சுவரை நான் மூன்று முறை கடந்திருந்தேன், கூட்டத்தில் மரம் கண்ணில் படவே இல்லை.

நண்பரே, ஒரு ராத்திரியாவது தங்குங்கள். வியன்னாவிலிருந்தோ சால்ஸ்பர்க்கிலிருந்தோ ரயிலில் வாருங்கள், வழியில் அட்னாங்-புக்ஹைமில் மாற வேண்டும். கடைசிப் படகு சீக்கிரமே போய்விடும், நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அறை கிடைக்காவிட்டால் ஏரியின் மறுமுனையில் ஓபர்ட்ரௌனில் தேடுங்கள்.