விந்தை லென்ஸுக்கு முன்னால் நிகழட்டும்

கனவுபோல் இயல்புக்கு மாறான காட்சியைக் காட்டும் சர்ரியல் ஒளிப்படம் என்றாலே இன்று பலருக்கும் ஃபோட்டோஷாப் அடுக்குகளும், அண்மைக் காலமாகச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுமே நினைவுக்கு வருகின்றன. காற்றில் மிதக்கும் மனிதர், முகத்துக்குள் முளைத்த மரம், உள்ளங்கையில் நிற்கும் ஆள் என எதையும் இருந்த இடத்திலிருந்தே உருவாக்கிவிட முடிகிற காலத்தில், அவற்றைக் கேமராவுக்குள்ளேயே எடுக்க முயல்வது வீண் பிடிவாதம் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். நான் அந்தப் பிடிவாதத்தின் பக்கம் நிற்கிறவன். ஆனால், எடிட் செய்யாத படமே நேர்மையான படம் என்று அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்தை நான் ஏற்கவில்லை. ஒரு படத்தில் உள்ள விந்தை நம்மை உலுக்க வேண்டுமானால், அந்த விந்தையைச் சுற்றியுள்ள மற்ற அனைத்தும் ஐயத்துக்கு இடமின்றி மெய்யாக இருக்க வேண்டும். அந்த மெய்ம்மையைக் கேமரா கேட்காமலேயே தந்துவிடுகிறது. கணினியில் அதைத் துணுக்குத் துணுக்காக நாமே புனைய வேண்டியிருக்கிறது.

ஒரே காட்சிக்குள் இருக்கும் பொருள்கள் ஒளியைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. சிவப்புத் துணிக்கு அருகே வைத்த வெள்ளைக் கோப்பையின் விளிம்பில் மெல்லிய சிவப்புச் சாயல் ஏறுகிறது. வெயிலில் விழும் நிழல், பொருளை ஒட்டிய இடத்தில் கூர்மையாகவும் விலகிச் செல்லச் செல்ல மங்கலாகவும் இருக்கிறது. இவற்றை யாரும் நின்று கவனிப்பதில்லை என்றாலும், இவற்றுள் ஒன்று பிசகினால்கூடக் காரணம் சொல்லத் தெரியாத ஓர் உறுத்தல் பார்ப்பவருக்கு உண்டாகிவிடும். ஒளிப்படக் கலைஞர் ஆந்த்ரே கெர்ட்டெஸ் 1933இல் பாரிஸில், திருவிழாக் கூடங்களில் வைக்கப்படும் வளைந்த கண்ணாடிகளின் முன் இரண்டு மாடல்களை நிறுத்தி ஏறத்தாழ 200 படங்கள் எடுத்தார். அந்த உடல்கள் மெழுகுபோல் நீண்டு உருகினாலும், இழுபட்ட இடத்திலும் தோலின் நுண்விவரம் கெடுவதில்லை. ஏனெனில் அங்கே வளைந்தது ஒளியேயன்றி, எடுத்து முடித்த படம் அன்று. அந்தப் படங்கள் இன்றும் தொந்தரவு செய்வதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

மிதக்கும் மனிதரையே எடுத்துக்கொள்வோம். ஆளை முக்காலியின்மீது நிறுத்திப் படம் எடுத்து, பின்னர் முக்காலியை அழித்துவிடுவது இணையத்தில் பரவலாகக் கற்பிக்கப்படும் முறை. அதைவிட எனக்குப் பிடித்த முறைக்கு ஒரு குவளைத் தண்ணீர் போதும். மேகமூட்டமான பொழுதில், உலர்ந்த சிமென்ட் தரையில் ஒருவரை நுனிக்காலில் நிற்கச் சொல்லி, அவருடைய கால்களுக்கும் கேமராவுக்கும் இடையே, சற்றுத் தள்ளி, நிழலின் வடிவில் தண்ணீரை ஊற்றினால், அந்த ஈரத்தின் கருமையைக் கண் நிழலாகவே படிக்கிறது. நிழல் காலைத் தொடாமல் கீழே விழுந்திருப்பதால், ஆள் தரைக்கு மேலே இருப்பதாக மூளை தானே முடிவு செய்துகொள்கிறது. மேகமூட்டம் அவசியம், வெயில் இருந்தால் உண்மையான நிழல் வந்து காட்டிக்கொடுத்துவிடும். ஈரத்தின் விளிம்பைக் கையால் தெளித்துச் சற்றுக் கலைத்துவிட்டால் நம்பகம் கூடும். தண்ணீர் உலர்வதற்குள் எடுத்து முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியும், நிற்பவரின் முகத்தில் தானாகவே வந்து சேரும் கவனமும் இந்த முறையின் உபரி நன்மைகள்.

இரண்டு காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே படத்தில் பதியவைக்கும் இரட்டை எக்ஸ்போஷரில் ஒளி கூடுமே தவிரக் குறையாது என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் விளங்கிவிடும். முதல் எக்ஸ்போஷரில் எந்த இடம் வெளுத்துவிட்டதோ அங்கே இரண்டாவது படம் ஏறாது. எந்த இடம் கறுப்பாக இருக்கிறதோ அங்கேதான் அது குடியேறும். வெளிறிய வானத்தின் முன்னே ஒருவரின் பக்கவாட்டு முகத்தை நிழலுருவாக எடுத்துவிட்டு, அதன்மேல் ஒரு மரக்கிளையை எடுத்தால், கிளை முகத்துக்குள் மட்டும் தளிர்ப்பது இதனால்தான். ஃபிலிமில் இரண்டு படங்களும் சம அளவில் கலக்க வேண்டுமானால் ஒவ்வொன்றையும் ஒரு ஸ்டாப் (அதாவது ஒளியைப் பாதியாக) குறைத்தும், நான்கு படங்களானால் இரண்டு ஸ்டாப் குறைத்தும் எடுப்பார்கள். இந்த வசதி உள்ள டிஜிட்டல் கேமராக்களில் சராசரி முறையைத் தேர்ந்தெடுத்தால் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். (அப்படியானால் அதுவும் ஒரு கணினி செய்யும் எடிட்டிங்தானே என்று கேட்டால், ஆம், அதுவேதான். ஆயினும் இரண்டாவது படத்தை எங்கே வைப்பது என்பதைக் காட்சியின் எதிரில் நின்று, முதல் படத்தை மனத்தில் இருத்திக்கொண்டு, நானே முடிவு செய்தாக வேண்டும். அந்த வேறுபாடு எனக்குப் பெரிது.)

அருகிலிருக்கும் சிறியதையும் தொலைவிலிருக்கும் பெரியதையும் ஒரே தளத்தில் இருப்பதாகக் காட்டும் முறை சுற்றுலாப் படங்களால் மலினப்பட்டுவிட்டது, அது வருத்தத்துக்குரியது. கேமராவுக்கு ஒற்றைக் கண் என்பதால் அது ஆழத்தை அறியாது. அந்தப் பலவீனத்தைத் திறம்படப் பயன்படுத்தினால் ஒரு பொம்மை வீடு மலையடிவாரத்தில் குடியிருக்கும். இதில் தோற்பவர்கள் பெரும்பாலும் ஃபோகஸில்தான் தோற்கிறார்கள். முழுச்சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 24 மி.மீ. லென்ஸை எஃப்/16 என்ற சிறிய அபர்ச்சரில் (ஒளி நுழையும் துளை) வைத்து ஏறத்தாழ 1.2 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், சுமார் 60 செ.மீ. தொடங்கி அடிவானம் வரை ஏற்கத்தக்க அளவில் தெளிவாக இருக்கும். கைபேசியின் சென்சார் மிகச் சிறியது என்பதால் இந்த வித்தை அதில் இன்னும் எளிது. விலை உயர்ந்த கேமரா வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பதை நான் ரசிப்பதுண்டு.

ஷட்டரை நெடுநேரம் திறந்துவைக்கும் நீண்ட எக்ஸ்போஷரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் ஒளிப்படக்கலை அதிலிருந்துதான் தொடங்கியது. ஒளிப்படக்கலையின் முன்னோடி டாகெர் 1838இல் எடுத்த பாரிஸ் சாலைப் படத்தில், நடமாட்டம் மிகுந்த அந்தச் சாலை ஆளரவமற்றுக் கிடக்கிறது. தகட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் தேவைப்பட்டதால் வண்டிகளும் மனிதர்களும் தடமின்றி மறைந்துபோக, காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள ஒரே இடத்தில் நின்ற ஒருவர் மட்டும் பதிவாகியிருக்கிறார். ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் 10 ஸ்டாப் ஃபில்டரைப் போட்டால், 1/30 நொடியில் எடுக்கவேண்டிய பகல் காட்சியை இன்று நாமும் ஏறத்தாழ 30 நொடி நீட்டி அதே வெறுமையைப் பெறலாம்.

கேமராவுக்குள் எடுத்ததால் ஒரு படம் உண்மையாகிவிடாது என்பதற்கு இங்கிலாந்தின் காட்டிங்லி தேவதைகளைக் காட்டிலும் நல்ல சான்று இல்லை. 1917இல் எல்ஸி ரைட், பிரான்சஸ் கிரிஃபித்ஸ் என்ற இரு சிறுமிகள், காகிதத்தில் வரைந்து வெட்டிய தேவதைகளைத் தொப்பி ஊசிகளால் செடிகளுக்கிடையே நிறுத்திப் படம் எடுத்தார்கள். நெகட்டிவில் திருத்தம் ஏதும் இல்லை என்று அதை ஆராய்ந்த ஒளிப்பட நிபுணர் சொன்னது சரிதான். ஆனால் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில் அதையே தேவதைகள் இருப்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார். வெட்டிய காகிதங்கள் என்று இருவரும் ஒப்புக்கொண்டது 1983இல்தான். திருத்தப்படாத நெகட்டிவ், லென்ஸுக்கு முன்னால் என்ன இருந்தது என்பதைத்தான் சொல்லும். அது அங்கே எப்படி வந்தது என்பதைச் சொல்லாது.

ஆகவே தூய்மைவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. ஒளிப்படக் கலைஞர் ஃபிலிப் ஹால்ஸ்மன் 1948இல் சர்ரியல் ஓவியர் சால்வதோர் டாலியை வைத்து எடுத்த புகழ்பெற்ற படத்தில் டாலி துள்ள, பூனைகள் பறக்க, நீர் வளைந்து பாய்கிறது. ஆறு மணி நேரத்தில் 28 முறை பூனைகளும் நீரும் வீசப்பட்ட பிறகே அது கிடைத்தது. பூனைகள் பட்ட பாட்டுக்காக இன்று அப்படியொரு படத்தை யாரும் எடுக்கக் கூடாது என்பது வேறு விஷயம். அந்தப் படத்திலும் திருத்தம் உண்டு: பொருள்களைத் தொங்கவிட்ட கம்பிகளும் நாற்காலியைப் பிடித்திருந்த கையும் நீக்கப்பட்டன, வெறுமையாக இருந்த ஓவியச் சட்டத்துக்குள் டாலி பின்னர் வரைந்த சித்திரம் சேர்க்கப்பட்டது. கம்பியை நீக்கியதை நான் குறையாகவே கருதமாட்டேன். சித்திரத்தைச் சேர்த்ததைச் சற்றுத் தயக்கத்துடன் ஏற்பேன். பூனையையே ஒட்டியிருந்தால் அந்தப் படத்தின்மேல் எனக்கு இருக்கும் மதிப்பு போயிருக்கும். படத்தின் உயிராக எது இருக்கிறதோ அது ஷட்டர் திறந்திருந்தபோது நடந்ததா என்பதே நான் கேட்கும் கேள்வி.

இதனால்தான் படத்துக்குக் கீழே "நோ எடிட்" என்று பெருமையாகப் போடுவதை நான் விட்டுவிட்டேன். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலத் தரவாக) எடுத்தால் அதை எப்படியும் பதப்படுத்தியாக வேண்டும். கைபேசியோ இரவுக் காட்சியில் நம்மைக் கேட்காமலேயே பல படங்களை அடுக்கி ஒன்றாக்கித் தருகிறது. அந்த இரண்டு சொற்களுக்குப் பதிலாக, லென்ஸுக்கு முன்னால் என்ன இருந்தது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது, பின்னர் எதை நீக்கினேன் என்று மூன்று வரி எழுதுகிறேன். வித்தையைச் சொல்லிவிட்டால் வியப்பு போய்விடும் என்று சிலர் எச்சரித்தார்கள். ஆனால் தண்ணீர் நிழலின் ரகசியத்தை வாசித்தவர்கள் மறுபடியும் மேலே போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு, தெரிந்த பிறகும் அவர் மிதப்பதாகவே தோன்றுகிறது என்றுதான் எழுதுகிறார்கள்.