தொட்டியின் அடியில் ஜல்லி: ஒரு திருத்தம்
தொங்கு தொட்டியில் பெட்டூனியா பூச்செடி நடும்போது அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி பரப்பினால் வேர் அழுகாது என்று சொல்லப்படும் யோசனை, நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டதே என்றாலும், சரியன்று. நுண்துளைகள் கொண்ட மண்கலவை, தன் அடிப்பகுதி முழுமையாக ஊறும் வரை கீழேயுள்ள பெரிய இடைவெளிகளுக்குள் நீரை எளிதில் இறங்க விடாது. ஆகவே நீர் தேங்கும் அடுக்கு மறைவதில்லை, ஜல்லியின் உயரத்துக்கு மேலேறி வேர்களை இன்னும் நெருங்குகிறது. நனைந்த பஞ்சு ஒன்றைக் கூழாங்கற்களின் மேல் வைத்துப் பாருங்கள்: சொட்டுவது நின்ற பிறகும் அதன் அடிப்பக்கம் சொதசொதவென்றே இருக்கும். ஆழம் குறைந்த தொங்கு தொட்டியில் வேருக்கான இடம் இப்படிச் சுருங்குவது பெரிய இழப்பு. கொக்கி தாங்க வேண்டிய எடையும் வீணாகக் கூடுகிறது. பெர்லைட் (எடை குறைந்த வெண்ணிற எரிமலைக் கல் துகள்) கலந்த தென்னை நார்க்கழிவை விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை நிரப்பி, வடிகால் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.