இருபது நொடி வணக்கம்

ஞாயிற்றுக்கிழமை சிலம்பப் போட்டி மைதானத்தில் நடந்ததை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். "சின்ன விஷயத்தை ஏன் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று இன்று காலை ஒருவர் தொலைபேசியில் கேட்டார். அதற்கு மேல் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னிடம் கம்பு பழகும் பதினொரு வயதுப் பிள்ளை. கம்பைத் தரையில் கிடத்திவிட்டு, குனிந்து மண்ணைத் தொடுகிறாள். "இதையெல்லாம் கோயிலில் வைத்துக்கொள்ளம்மா, நேரமாகிறது, கம்பை எடு" என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார் நடுவர். கூட்டம் சிரிக்கிறது. அவள் பாதியில் எழுந்து கம்பை எடுத்தாள். மூன்றாவது வீச்சில் பிடி நழுவியது.

ஏன் நழுவியது என்று கம்பு பிடித்த யாருக்கும் தெரியும். பயத்தில் உள்ளங்கை வியர்க்கும். மண்ணைத் தொடும்போது அந்த ஈரம் போகும். குனிந்து நிமிர்வதற்குள் மூச்சு ஒரு நிலைக்கு வரும். எதிரில் நிற்பவரைப் பார்த்துக் கைகூப்பும்போது கண் நிற்கும். வணக்கம் என்பது ஆட்டத்துக்கு முன்னால் ஒட்டவைத்த சடங்கு இல்லை. ஆட்டம் அங்கேதான் தொடங்குகிறது. மொத்தம் இருபது நொடி.

"அறுபது பிள்ளைகள், ஒரே களம், நேரம் வேண்டாமா?" என்கிறார்கள். பரிசளிப்புக்கு வந்த விருந்தினருக்காக அதே அறுபது பிள்ளைகள் வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றார்களே, அப்போது யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. ஜப்பானில் சுமோ மல்லர்கள் உப்பைத் தூவிக் களத்தைத் தூய்மை செய்வதற்கும் ஒருகாலத்தில் நேரக் கணக்கே கிடையாது. 1928-இல் வானொலி ஒலிபரப்பு வந்தபோது அதற்கு வரம்பு வைத்தார்கள். இன்று மிக உயர்ந்த பிரிவில் நான்கு நிமிடம். குறைத்தார்கள், எடுத்து எறியவில்லை. 1964-லேயே ஒலிம்பிக்கில் நுழைந்துவிட்ட ஜூடோவில் இன்றும் குனிந்து வணங்காமல் ஆட்டம் தொடங்காது, முடியவும் முடியாது. தாய்லாந்தில் முவே தாய் என்ற குத்துச்சண்டையின் வீரர்கள் குருவுக்கு வணக்க நடனம் ஆடிய பிறகுதான் மோதுகிறார்கள். இவையெல்லாம் நவீன விளையாட்டுகள் இல்லையா? 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றபோது நானும் கண் கலங்கினேன். விளையாட்டாக வளரட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். வளர்வதற்கு வெட்கப்பட வேண்டுமா?

"மதத்தைக் கொண்டுவராதீர்கள்" என்று எழுதியவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் இந்த வணக்கத்தின் பெயர் சலாம் வரிசை. என் வாத்தியார் ஒரு முஸ்லிம். ஐந்து மணித் தொழுகையை முடித்துவிட்டு வந்து எங்களுக்குக் கம்பு கொடுப்பார். அவர் கையை நெஞ்சில் வைப்பார், நாங்கள் மண்ணைத் தொடுவோம், என்னுடன் பழகிய கிறிஸ்தவப் பையன் சிலுவைக் குறி போட்டுக்கொள்வான். யார் எதை நினைத்து வணங்கினார்கள் என்று அந்தக் கூடத்தில் யாரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் என்ற பேச்சை எடுத்தவர் நடுவர்தான், அந்தப் பிள்ளை இல்லை.

பதினான்கு வயதில் ஒருநாள், என்னைக் கேலி செய்த பையனைப் பயிற்சியின்போது வேண்டுமென்றே காதோரத்தில் அடித்துவிட்டேன். வாத்தியார் திட்டவில்லை. "கம்பை வைத்துவிட்டுப் போ பாப்பா. நாளையிலிருந்து சலாம் மட்டும் போடு" என்றார். ஆறு நாள் கம்பைத் தொடவிடவில்லை. ஏழாம் நாள் அதே பையனை எனக்கு எதிரே நிறுத்தினார். அவன் காதோர வீக்கம் இன்னும் வற்றவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே கைகூப்ப வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு கோபத்தில் நான் கம்பு வீசியதில்லை. இதற்கு ஆன்மிகம் என்ற சொல் பிடிக்கவில்லை என்றால் வேறு சொல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு நாளை மட்டும் பாடத்திலிருந்து நீக்காதீர்கள்.

பத்து நாளில் குண்டலினியை எழுப்புகிறேன், தொடாமலே வர்மத்தில் ஆளைச் சாய்க்கிறேன் என்று காசு வாங்குகிறவர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம். அவர்களால்தான் நாங்கள் வாயைத் திறந்தாலே சிரிப்பு எழுகிறது. அந்தக் கோபம் எனக்கு நடுவர் மேல் இருப்பதைவிட அதிகம்.

ஒரு தோழி கேட்டது மட்டும் உறுத்துகிறது. ஆசானை வணங்கு என்று சொல்லித்தானே சில இடங்களில் பிள்ளைகளை எதிர்த்துப் பேசவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்றார். உண்மை. அதனால்தான் என் கூடத்தில் யாரும் யார் காலிலும் விழுவதில்லை. மண்ணைத் தொடுவார்கள், எதிரில் நிற்பவருக்குக் கைகூப்புவார்கள், நானும் அவர்களுக்குத் திருப்பிக் கைகூப்புவேன்.

என் வாத்தியார் கடைசிவரை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டித்தான் பிழைத்தார். ஒரு சான்றிதழ், ஒரு சால்வை, எதுவும் அவருக்கு வந்து சேரவில்லை. எங்களிடம் அவர் விட்டுப்போனது அந்த இருபது நொடிதான். அதைத்தான் ஒலிபெருக்கியில் சொல்லிச் சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பிள்ளை, "அடுத்த முறை மனதுக்குள்ளேயே வணக்கம் வைத்துக்கொள்ளட்டுமா, அக்கா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அடுத்த மாதப் போட்டிக்கும் வருகிறோம். என் பிள்ளைகள் மண்ணைத் தொட்டுத்தான் கம்பை எடுப்பார்கள். புள்ளியைக் குறைப்பதென்றால் குறைத்துக்கொள்ளுங்கள்.