மேலே கல்லு, கீழே கள்ளு

காசிமேடு. மே மாதக் கடைசி, பகல் பதினொரு மணி. மீன்பிடித் தடைக்காலம் பாதி தாண்டிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அதனால் படகு டிரைவர் மூர்த்தி கீழ் வீட்டில் கவிழ்ந்து படுத்திருக்கிறான். மேல் வீட்டில் கனகா அக்கா. மீன் வியாபாரம் செய்பவர், வீட்டுக்காரரும் அவரே. (அக்காவை மூர்த்தி 'நீ' என்றுதான் பேசுவான். அந்தப் பக்கத்தில் அது மரியாதைக் குறைவு இல்லை. 'நீங்க' என்று கூப்பிட்டால்தான் ஏதோ கடன் கேட்கப் போகிறான் என்று அர்த்தம்.)

கனகா: டேய் மூர்த்தி! மேலே ஏறி வாடா. ஃபிரிட்ஜ் பேஜார் பண்ணுது.

மூர்த்தி: ஃபிரிட்ஜா? வாடகை கேட்கக் கூப்பிடுகிறாய் என்று கட்டிலுக்கு அடியில் போகப் பார்த்தேன் அக்கா.

கனகா: வாடகை எங்கேயும் ஓடாது. நீதான் ஓடுவாய். இந்த டப்பாவைத் திறந்து பார்.

மூர்த்தி: (திறந்து, தலையைப் பின்னுக்கு இழுத்து) ஐயே! இன்னாக்கா இது, கள்ளா?

கனகா: தோசை மாவுடா. நேற்று ராத்திரி அரைத்து உள்ளே வைத்தேன். காலையில் பார்த்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, காய்கறி டிரேயில் இறங்கி, கத்திரிக்காயை விசாரித்துக்கொண்டிருக்கிறது.

மூர்த்தி: மேலே ஃப்ரீசர்?

கனகா: அதுதான் வேடிக்கை. மேலே வஞ்சிரம் கல்லு மாதிரி இருக்கிறது. கீழே மாவு கள்ளு மாதிரி இருக்கிறது. ஒரே ஃபிரிட்ஜ், ஒரே கரண்ட் பில். மேல் வீட்டில் மார்கழி, கீழ் வீட்டில் அக்னி நட்சத்திரம்.

மூர்த்தி: நம்ம வீடு மாதிரியே. உனக்குக் கடல் காற்று, எனக்குப் புழுக்கம். ஆனால் வாடகை மட்டும்...

கனகா: அந்தப் பேச்சுக்கு வராதே. நேற்று ஒரு மெக்கானிக் வந்தான். கதவைத் திறந்தான், மூடினான், "காஸ் போச்சும்மா, மூவாயிரத்து இருநூறு ஆகும்" என்றான்.

மூர்த்தி: திருகைக் கழற்றிப் பார்த்தானா?

கனகா: செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மூர்த்தி: அந்த வஞ்சிரத்தை எடுத்து மேஜையில் தட்டு அக்கா.

(தட்டுகிறார். டொக், டொக். "யாரு?" என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வருகிறது.)

மூர்த்தி: கேட்டாயா? காஸ் போயிருந்தால் இது எப்பவோ கொழகொழவென்று ஆகியிருக்கும். காஸ் இருக்கிறது, பின்னால் கம்ப்ரசரும் ஓடுகிறது. சரக்கு வந்து இறங்கிவிட்டது, தூக்கிக்கொண்டு போகத்தான் ஆள் வரவில்லை.

கனகா: எந்த ஆள்?

மூர்த்தி: ஃபேன். பனி கட்டாத ரெட்டைக் கதவு ஃபிரிட்ஜில் குளிர் உண்டாவது ஒரே இடத்தில்தான். ஃப்ரீசருக்குப் பின்புறம், இந்தப் பிளாஸ்டிக் தட்டிக்கு உள்ளே ஒரு காயில் இருக்கிறது. ஒரு சின்ன ஃபேன் அதன் மேல் காற்றை இழுத்து, பாதிக்கு மேல் ஃப்ரீசருக்குள் ஊதும். மிச்சத்தைச் சந்து வழியாகக் கீழே அனுப்பும். அப்படி ஊதினால்தான் மேலே மைனஸ் 18, கீழே நாலு டிகிரி. ஃபேன் படுத்தால் காயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு மட்டும் குளிர்.

கனகா: இருடா. இங்கே மனுஷி வேர்த்து ஊற்றி, ஃபேன் காற்று போதாமல் விசிறியால் விசிறிக்கொண்டிருக்கிறேன். இவனுக்கு உள்ளே தனியாக ஃபேனா?

மூர்த்தி: சத்தம் எதுவும் வந்ததா? 'கர்ர்' என்று?

கனகா: ஒரு மாசமாக. ராத்திரியில் கிழவன் குறட்டை மாதிரி. ஒரு அறை விடுவேன், அடங்கிவிடும்.

மூர்த்தி: எங்கே அறைவாய்?

கனகா: இடது கன்னத்தில். போன வாரம் அறையாமலே தானாக அடங்கிவிட்டது. திருந்திவிட்டது என்று நினைத்தேன்.

மூர்த்தி: திருந்தவில்லை அக்கா, போய்ச் சேர்ந்துவிட்டது. சரி, பிளக்கைப் பிடுங்கு. மீனை எல்லாம் வெளியே எடு.

(இங்கே கொஞ்சம் நேரம் ஆகிறது. தடைக்காலத்தில் வஞ்சிரம் விற்கிற விலைக்கு அதை ஃபிரிட்ஜில் வைப்பதைவிட பீரோவில் பூட்டி வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று சேர்த்து வைத்த மீன். அக்கா தெர்மாகோல் பெட்டியில் உடைத்த ஐஸைப் பரப்பி, ஒரு துண்டு வைத்து ஒரு எண் சொல்லி, ஒரு துண்டு வைத்து ஒரு எண் சொல்லி...)

கனகா: பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு. மூர்த்தி, பதினாலு. நன்றாகக் கேட்டுக்கொள்.

மூர்த்தி: என்னிடம் எதற்கு அக்கா சொல்கிறாய்?

கனகா: சாட்சிக்கு.

மூர்த்தி: (ஃப்ரீசருக்குள் தலையை விட்டு) திருகைக் காணோமே... ஆ, மூடி போட்டு மறைத்திருக்கிறான். ரெண்டுதான். வந்துவிட்டது. தட்டிதான் வரமாட்டேன் என்கிறது. ஓரத்தில் ஐஸ் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கனகா: இந்தா கத்தி. மீன் வெட்டுகிற கத்தி, நல்ல கூர்.

மூர்த்தி: வை அக்கா அதை! பின்னால் இருப்பது அலுமினியக் குழாய். ஒரு குத்து போதும், காஸ் மொத்தமும் போய்விடும். அப்புறம் அந்த மெக்கானிக் சொன்னது நிஜமாகிவிடும்.

கனகா: ஐயோ, அவன் வாக்கு பலிக்கக் கூடாது.

மூர்த்தி: அதோடு இந்த ஸ்டிக்கரைப் பார். ஆர்600ஏ. உள்ளே ஓடுகிற காஸின் பேர் அது, ஐசோபியூட்டேன். உன் அடுப்பு சிலிண்டருக்குப் பங்காளி, நெருப்பு பட்டால் பிடித்துக்கொள்ளும். அடுப்பையும் அணைத்துவிடு. ஒரு பாத்திரத்தில் வெந்நீர் கொண்டு வா. கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே.

(வெந்நீர்ப் பாத்திரத்தைத் துணி மேல் ஃப்ரீசருக்குள் வைத்து, கதவை மூடுகிறார்கள். பத்து நிமிடம். இரண்டு டீ. தட்டி 'மடக்' என்று விடுகிறது.)

மூர்த்தி: ம்... பரவாயில்லை. காயில் மேல் மெல்லிசாகத்தான் பனி இருக்கிறது. இதே பனி சுவர் மாதிரி கெட்டியாக மூடியிருந்தால் வேறு வியாதி, ஹீட்டர் போச்சு என்று அர்த்தம்.

கனகா: எது போச்சு?

மூர்த்தி: ஹீட்டர். அதோ, காயிலுக்கு அடியில். தினமும் அப்பப்ப கொஞ்ச நேரம் சூடாகிப் பனியைக் கரைக்கும். அந்தத் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, பின்னால் கம்ப்ரசர் மேல் இருக்கிற தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும்.

கனகா: (இடுப்பில் கை வைத்து) ஃபேன் இருக்கிறது. ஹீட்டர் இருக்கிறது. தண்ணீர் போகக் குழாய் இருக்கிறது. லைட் வேறு. ஏண்டா, கீழ் வீட்டில் இருக்கிற உன்னைவிட வசதியாகக் குடியிருக்கிறதே இது!

மூர்த்தி: அதுவும் வாடகை கொடுக்கவில்லை. அதை நீ அறைவதோடு சரி.

கனகா: உன்னையும் அறைந்தால் சத்தம் அடங்குமா என்று பார்க்கிறேன். வேலையைப் பார்.

மூர்த்தி: இதோ, இதுதான் ஆசாமி.

(உள்ளங்கையில் அடங்குகிற மோட்டார். முன்னால் கறுப்பு இறக்கை. விரலால் சுண்டுகிறான். சுற்ற வேண்டிய இறக்கை கால் சுற்று போய், மணலில் மாட்டின மாதிரி நிற்கிறது. தண்டைப் பிடித்து ஆட்டினால் பால் பல் மாதிரி ஆடுகிறது. அடியில் துருப் பொடி.)

கனகா: இத்தனூண்டா? இதற்கா என் ஒரு படி மாவு பலி?

மூர்த்தி: நடுக்கடலில் இன்ஜினைப் பிரித்து மாட்டினவன் அக்கா நான். அதைவிட இதைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. கைக்குள்ளேயே காணாமல் போய்விடும். பேர் என்ன எழுதியிருக்கிறது... டிசி, 12 வோல்ட். ஃபிரிட்ஜ் மாடல் நம்பரையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன். நான் வண்ணாரப்பேட்டை போய்விட்டு வருகிறேன்.

கனகா: இறக்கையையும் கொண்டு போ. மீன் வாங்கப் போகிறவன் வாலையாவது காட்ட வேண்டாமா?

(மூன்று மணி நேரம் கழித்து.)

மூர்த்தி: மூணு கடை அக்கா. முதல் கடையில் "பிரிட்ஜ் ஃபேனா, இந்தா" என்று எடுத்தே கொடுத்துவிட்டான். அச்சு அசல் இதே உருவம். திருப்பிப் பார்த்தால் 230 வோல்ட்! மாட்டியிருந்தால் ஒரு சுற்றுகூடச் சுற்றாது. புது மோட்டாரே பழுது என்று அவனிடம் போய்ச் சண்டை போட்டிருப்பேன். கடைசியில் மூணாவது கடையில் கிடைத்தது, அறுநூற்று ஐம்பது.

கனகா: சரி, மாட்டு.

மூர்த்தி: மாட்டுவதற்கு முன்னால் ஓடுகிறதா பார்த்துவிடணும். பைக் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். அதுவும் 12 வோல்ட்தான். சிவப்பு பிளஸ்ஸில், கறுப்பு மைனஸில். மாற்றிக் கொடுத்தால் மோட்டார் உள்ளேயே கருகினாலும் கருகும். (வைக்கிறான். 'உய்ய்' என்று சுற்றுகிறது.) பார்த்தாயா!

கனகா: அடடே! கொசு பாடுகிற மாதிரி.

(பழைய இறக்கையை நேராக இழுத்துக் கழற்றிப் புதுத் தண்டில் அழுத்துகிறான். அக்கா குனிந்து பார்க்கிறார்.)

கனகா: முதுகு முன்னால் இருக்கிறதே?

மூர்த்தி: எது?

கனகா: இறக்கை. கழற்றும்போது குழிவான பக்கம் அந்தப் பக்கம் இருந்தது.

மூர்த்தி: (சற்று மௌனம்) டெஸ்ட் பண்ணினேன் அக்கா, நீ கவனிக்கிறாயா என்று.

(திருப்பி மாட்டுகிறான். கனெக்டர் 'டக்'. பிளக் உள்ளே. ஐந்து நிமிடத்தில் கம்ப்ரசர் முனகுகிறது. ஃபேன் அசையவில்லை. வயரை ஆட்டிப் பார்க்கிறான், கனெக்டரைக் கழற்றி ஊதிப் பார்க்கிறான், ஃபிரிட்ஜின் பின்னால் போய்த் திட்டிப் பார்க்கிறான். பேட்டரியில் வைத்தால் ஓடுகிறது. ஃபிரிட்ஜில் மாட்டினால் இல்லை. அரை மணி நேரம் இப்படியே.)

மூர்த்தி: ஃபேனுக்குக் கரண்ட் அனுப்புகிற சர்க்யூட் போர்டு போச்சு அக்கா. போர்டுதான். போர்டு என்றால் கொஞ்சம் பெரிய செலவு...

கனகா: அந்த மெக்கானிக் மாதிரியே பேசுகிறாயே. செருப்பைப் போட்டுக்கொண்டாயா? எத்தனை நேரமாகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறாய், குளிர் எல்லாம் கூடத்துக்கு வருகிறது. கதவை மூடடா.

மூர்த்தி: மூடினால் ஃபேனை எப்படிப் பார்ப்பது?

கனகா: கதவை மூடினால் லைட் அணைகிறதா என்று நான் எப்படிப் பார்ப்பேன் தெரியுமா? இந்தப் பொத்தானை இப்படிக் கட்டைவிரலால் அமுக்குவேன்...

('உய்ய்ய்.' ஃபேன் சுற்றுகிறது. விரலை எடுக்கிறார். நிற்கிறது. அமுக்குகிறார். சுற்றுகிறது. குளிர்ந்த காற்று மூர்த்தியின் மூக்கில் அடிக்கிறது.)

மூர்த்தி: கதவு சுவிட்ச்! கதவு திறந்திருந்தால் ஃபேன் ஓடாது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறான், குளிர் வெளியே போகக் கூடாது என்று. எனக்குத் தெரியும் அக்கா. மறந்துவிட்டேன்.

கனகா: தெரியும், தெரியும். போர்டு என்றாயே, அதையும் மறந்துவிடு.

மூர்த்தி: தட்டியை மாட்டிவிட்டேன். மீனை உள்ளே வைக்கிறேன், நீ போய் அந்த மாவைக் கொட்டு. கீழே இப்போதைக்குத் தண்ணீர் பாட்டில் மட்டும் வை. முழுசாகக் குளிர்ந்து வர நாளைக் காலை ஆகிவிடும்.

(இரவு பதினொன்றரை. கீழ் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது.)

கனகா: மூர்த்தி! மூர்த்தி! எழுந்திரு. ஃபிரிட்ஜ் செத்துப்போச்சு.

மூர்த்தி: (கதவைக் கால் அடி திறந்து) இன்னாக்கா இந்நேரத்தில்?

கனகா: சத்தமே இல்லைடா. ஒரு மாசமாகக் குறட்டை கேட்டுத் தூங்கினவள். இப்போது அமைதியாக இருக்கிறது, எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு அறை விட்டுப் பார்த்தேன், அதற்கும் பதில் இல்லை.

மூர்த்தி: நல்ல ஃபேன் அப்படித்தான் இருக்கும் அக்கா. தண்ணீர் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாயா?

கனகா: ஜில்லென்றுதான் இருக்கிறது.

மூர்த்தி: அப்புறம் என்ன? சத்தம் இல்லை என்றால் நல்லது. போய்ப் படு. (கதவை மூடப் பார்க்கிறான்.)

கனகா: இரு. (மூக்கை உறிஞ்சி) சத்தம்தான் இல்லை. வாசனை இருக்கிறதே?

மூர்த்தி: வாசனையா? கடல் காற்று...

கனகா: கடல் காற்றில் மிளகாய்த்தூளும் எலுமிச்சம்பழமும் எந்த ஊரில்டா அடிக்கும்? மேலே எண்ணிவிட்டுத்தான் வந்தேன். பன்னிரண்டு.

மூர்த்தி: லேபர் சார்ஜ் அக்கா.

கனகா: இரண்டு துண்டு, தடைக்கால விலை. வாடகையோடு சேர்த்து எழுதிக்கொள்கிறேன். நகரு, கருகிவிடப் போகிறது. ஒரு தட்டு எடு, உப்பு சரியாக இருக்கிறதா பார்க்கிறேன்.