வரிப்பணத்தில் வளர்ந்த தனியார் பள்ளி

"தனியார் பள்ளிதானே, அவங்க காசு, அவங்க இஷ்டம்" என்று சொல்பவர்கள் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பகுதி) நடந்ததை ஒருமுறை படிக்க வேண்டும்.

அங்கே ஃபார்ம்வில் ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று மோட்டன் உயர்நிலைப்பள்ளி இருந்தது. 180 பேருக்குக் கட்டிய பள்ளியில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதவில்லை என்று கேட்டதற்கு, தார்த்தாள் ஒட்டிய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தது நிர்வாகம். மழை வந்தால் ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வெக்கை தாங்காது, தள்ளி உட்கார்ந்தவர் கோட்டைக் கழற்றவே முடியாது. 1951 ஏப்ரல் 23 அன்று, பொய்யான ஒரு தொலைபேசி அழைப்பு தலைமையாசிரியரை வெளியே இழுக்க, 16 வயது பார்பரா ஜான்ஸ் மொத்தப் பள்ளியையும் அரங்கில் கூட்டி வகுப்புப் புறக்கணிப்பைத் தொடங்கினார். அதிலிருந்து பிறந்த வழக்கு, அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளை இனவாரியாகப் பிரிப்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன 1954 பிரவுன் தீர்ப்பில் அடங்கிய ஐந்து வழக்குகளில் ஒன்று.

தீர்ப்பு வந்தும் கவுண்டி அசையவில்லை. இனி இழுத்தடிக்க முடியாது என்ற நிலை 1959இல் வந்ததும், அரசுப் பள்ளிகளுக்கு நிதியே ஒதுக்காமல் அத்தனையையும் இழுத்து மூடிவிட்டார்கள். வெள்ளையர் பிள்ளைகளுக்கு மட்டும் 'பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி' தயாராக இருந்தது. தேவாலயங்களில் வகுப்புகள் ஆரம்பித்தன, அப்புறம் சொந்தக் கட்டடமும் வந்தது.

சரி, பணம்? முதல் வருடம் நன்கொடையில் ஓடியது. கட்டணம் வாங்க ஆரம்பித்ததும் பெற்றோருக்கு அரசு மானியம், நன்கொடை கொடுத்தவர்களுக்கு வரிக்கழிவு. 1961இல் நீதிமன்றம் தடுக்கும்வரை இது நடந்தது. பூட்டிய பள்ளிக்கு வெளியே நின்ற குழந்தையின் அப்பா கட்டிய வரியும் அதில் இருந்தது. என்னால் ஜீரணிக்கவே முடியாதது இதுதான்.

சில கறுப்பினக் குடும்பங்கள் பிள்ளைகளை வெளியூர் உறவினர் வீடுகளுக்கு அனுப்பின. பலருக்குப் படிப்பு அதோடு நின்றது. 1963இல்தான் நன்கொடையில் தற்காலிக இலவசப் பள்ளிகள் வந்தன. 1964இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு அரசுப் பள்ளிகள் திறந்தபோது, 1959இல் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய ஆறு வயதுக் குழந்தைக்கு வயது பதினொன்று.

அகாடமி கறுப்பின மாணவர்களைச் சேர்த்தது 1986இல்தான், அதுவும் 1978இல் வரிவிலக்கைப் பறிகொடுத்த பிறகு. மனம் மாறித்தான் சேர்த்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். இன்று அது வேறு பெயரில் நடக்கிறது.

படிப்பை இழந்தவர்களுக்கு மாநில அரசு உதவித்தொகை அறிவித்தது 2004இல். 1959இல் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டியிருந்தவருக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருந்தது.